ஊசி போடாதவர் ரத்தம்தான் வேண்டுமாம், என்ன பதில் சொல்வது?

ஓ நெகட்டிவ் மதுரை

போன செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றரைக்கு ஒரு போன். மாமனாருக்குக் காலையில் பைபாஸ் ஆபரேஷன், ஏ பாசிட்டிவ் மூன்று யூனிட் வேண்டும், எட்டு மணிக்குள் டோனர் வந்துவிட வேண்டும் என்றார் மருமகன். ஏ பாசிட்டிவ் ஒன்றும் கிடைக்காத சரக்கு இல்லை, எங்கள் ரத்ததானக் குழுவில் போட்டுப் பத்தே நிமிடத்தில் மூன்று பேரைப் பிடித்துவிட்டேன். பெயரும் நம்பரும் அனுப்பியதும் அவரிடமிருந்து திரும்ப அழைப்பு. "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, இவங்க கொரோனா ஊசி போட்டவங்களா?" போட்டிருந்தால்தான் நல்லது என்று கேட்கிறார் போல என நினைத்து, "ரெண்டு டோஸும் போட்டவங்கதான் சார், பயப்படாதீங்க" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "போடாதவங்க யாராவது கிடைப்பாங்களா?" என்றார்.

பதினாறு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். சாதி கேட்டவர்கள் உண்டு (ஆமாம், ரத்தத்துக்கும் கேட்பார்கள்). குடிக்காத ஆளாகப் பாருங்கள் என்றவர்கள் உண்டு. கொடுப்பவர் சைவமா என்று கேட்ட ஒரு பாட்டியும் உண்டு. இந்தக் கேள்வி எனக்குப் புதிது.

அவர் கேட்டது கூடப் பரவாயில்லை. இந்தப் பயத்தை விதைத்ததில் எங்களுக்கும் பங்கு இருக்கிறதோ என்பதுதான் நான்கு நாளாக உறுத்துகிறது. 2021 மார்ச்சில், கடைசி டோஸ் போட்டு 28 நாள் கழித்துத்தான் ரத்தம் கொடுக்கலாம் என்று தேசிய ரத்த மாற்றுக் கவுன்சில் சொன்னது. இரண்டு டோஸுக்கு நடுவே 28 நாள், அதற்குப் பிறகு 28 நாள், ஆக ஒரு டோனர் ஏறத்தாழ இரண்டு மாதம் கையை விட்டுப் போய்விடுவார். மே 1 முதல் 18 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஊசி என்று அறிவித்ததும் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது, எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அந்த வயதுக்காரர்கள்தானே, கல்லூரி வேறு மூடிக் கிடக்கிறது, கேம்ப் என்ற பேச்சே இல்லை. நாங்களும் ஊரோடு சேர்ந்து "ஊசி போடும் முன் ரத்தம் கொடுங்கள்" என்று படம் செய்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டோம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். படித்தவர் மனதில் தங்கியது வேறு: போட்ட பிறகு ரத்தம் கெட்டுவிடும் போலிருக்கிறது, அதனால்தான் அவசரமாகக் கேட்கிறார்கள்.

எங்கள் குழுவிலேயே நாற்பது தடவைக்கு மேல் ரத்தம் கொடுத்த ஒருவர் அந்த வருடம் தீபாவளி வரை ஊசி போடவில்லை. பதினாறாம் நம்பர் ஊசியை நரம்பில் குத்தும்போது கண் இமைக்காத மனிதர், புஜத்தில் அரை மில்லி மருந்துக்கு அப்படிப் பயந்தார். இதை இன்றுவரை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. உங்கள் பக்கமும் இப்படி நடந்ததா?

வெட்டி ஆபீசர்

மருமகனிடம் இடது தோள்பட்டையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள் அண்ணே. வட்டமாக ஒரு தழும்பு இருக்கும், அது பிசிஜி, காசநோய்த் தடுப்பூசி. பிறந்த கையோடு உயிருள்ள கிருமியையே உள்ளே விட்டிருக்கிறார்கள். ஊசி போடாத ரத்தம் வேண்டுமென்றால் பிரசவ வார்டு வாசலில்தான் நிற்க வேண்டும், அங்கேயும் நர்ஸ் முந்திக்கொள்வார்.

கருப்பட்டி காபி

சிரித்துவிட்டுப் போவது சுலபம். அந்த நாற்பது தடவை கொடுத்தவரைப் போல நானும் ஒருவன், 23 முறை கொடுத்திருக்கிறேன், கொரோனா ஊசியை வேலைக்காகத்தான் போட்டேன், அதுவும் 2021 டிசம்பரில். முட்டாள் என்று எழுதுவதற்கு முன் என் பக்கத்தையும் கேளுங்கள்.

முதலில் இரண்டு டோஸுக்கு நடுவே நான்கு வாரம் என்றார்கள். மார்ச் கடைசியில் கோவிஷீல்டுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆயிற்று. மே மாதம் பன்னிரண்டிலிருந்து பதினாறு. ரத்தம் கொடுக்க 28 நாள் பொறு என்றார்கள், மே மாதம் தட்டுப்பாடு வந்ததும் அதே வாய் 14 நாள் போதும் என்றது. விஞ்ஞானம் மாறியதா, ஸ்டாக் மாறியதா? அப்போது கேட்டதற்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, வதந்தி பரப்பாதே என்று மட்டும் சொன்னார்கள்.

ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஓமந்தூரார் மருத்துவமனையில் கேமரா முன்னால் கோவாக்சின் போட்டுக்கொண்டார், 17-ம் தேதி விடிகாலை இறந்தார். மாரடைப்பு, ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள், மத்திய அரசின் குழுவும் பல மாதம் கழித்து அதையே சொன்னது. நம்புகிறேன், சண்டை போடவில்லை. ஆனால் அந்த ஏப்ரலில் எங்கள் தெருவில் ஒருவர் கூட நம்பவில்லை.

ரத்தம் கொடுக்கும்போது நான் யாருக்குக் கொடுக்கிறேன் என்று தெரியும், பல நேரம் அந்த வீட்டு ஆள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். போதும் என்று தோன்றினால் எழுந்து வந்துவிடலாம். ஊசியில் அது எதுவுமே இல்லை. போடாவிட்டால் பொது இடத்துக்கு வராதே என்று நவம்பரில் சுற்றறிக்கை வந்தது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்வதற்குள் எனக்கு இரண்டும் போட்டாகிவிட்டது.

லேப்டெக் தென்காசி

நான் ரத்த வங்கியில் டெக்னீசியன், பன்னிரண்டு வருடம். கருப்பட்டி அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, அதை யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை என்பதும் உண்மை. எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

ஊசி போட்டவர் ரத்தத்தைத் தள்ளிப்போடுவது கொரோனாவில் தொடங்கிய பழக்கமில்லை. எங்கள் பதிவேட்டில் அதற்கென்று பட்டியலே உண்டு. டெட்டனஸ், இன்ஃப்ளூயன்சா மாதிரி உயிரில்லாத மருந்து என்றால் 14 நாள். தட்டம்மை, அம்மைக்கட்டு, மஞ்சள் காய்ச்சல் மாதிரி வலுக்குறைத்த உயிர்க்கிருமி மருந்து என்றால் 28 நாள். பாம்புக்கடிக்கு விஷமுறிவு ஏற்றியவருக்கும் 28 நாள். கொரோனா ஊசி வந்தபோது அது புதிது, கையில் அனுபவம் இல்லை, அதனால் பட்டியலில் நீளமான கெடுவைப் போட்டார்கள். கோவாக்சின் கொல்லப்பட்ட வைரஸ், கோவிஷீல்டு உடம்புக்குள் பெருகாத வைரஸ், இரண்டும் உயிருள்ள மருந்துக் கணக்கில் வராது. அதனால் 14-க்கு இறக்கியதில் அறிவியல் தப்பு எதுவும் இல்லை. தட்டுப்பாடுதான் அவசரப்படுத்தியது என்றால் அதையும் மறுக்க மாட்டேன், அந்த மே மாதம் எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் தட்டு தட்டாக வெறுமை.

கெடு எதற்கு என்றால், பாதி டோனருக்காக. ஊசி போட்ட மறுநாள் உடம்பு சுடும், கை வலிக்கும், அந்த நிலையில் 350 மில்லி எடுத்தால் மயங்கி விழலாம். மீதி எங்களுக்காக. ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர் மூன்றாம் நாள் போன் செய்து காய்ச்சல் என்றால், அது ஊசிக் காய்ச்சலா நிஜமான தொற்றா என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாவிட்டால் அந்தப் பையைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இன்னொரு வேடிக்கை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில் இருப்பதே அந்த வைரஸின் மேலுறைப் புரதம். நாங்கள் டோனர் ரத்தத்தில் தேடுவதும் அதே புரதத்தைத்தான். ஊசி போட்ட சூட்டோடு வந்து கொடுத்தால், நோயே இல்லாத ஆளுக்கு டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்து தொலைக்கலாம். வீட்டில் என்ன களேபரம் ஆகும் யோசியுங்கள். இதெல்லாம்தான் கெடுவுக்குக் காரணம், ரத்தம் கெட்டுப்போவது அல்ல.

வார்டு ஏழு சிஸ்டர்

2021-ல் என்னை வார்டிலிருந்து தடுப்பூசி கேம்புக்குப் போட்டார்கள். அதற்கு முன் ரத்ததான கேம்புகளிலும் நின்றிருக்கிறேன். இரண்டுக்கும் வந்த முகங்கள் பல சமயம் ஒன்றுதான், ஆனால் வேறு வேறு ஆள் மாதிரி இருப்பார்கள்.

ரத்ததான கேம்பில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டை நீலத் தண்ணீரில் விடுவோம். காப்பர் சல்பேட் கரைசல். சொட்டு சரசரவென்று அடியில் போனால் ஹீமோகுளோபின் 12.5-க்கு மேல், மிதந்தாலோ பாதியில் தயங்கி நின்றாலோ திருப்பி அனுப்பிவிடுவோம். அந்தச் சொட்டு இறங்குவதை எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். இறங்கியதும் ஜெயித்த மாதிரி ஒரு சிரிப்பு. பெண்களில் நிறையப் பேருக்கு மிதந்துவிடும், "போன வாரம் முருங்கைக்கீரை சாப்பிட்டேனே" என்று கெஞ்சுவார்கள்.

அதே பையன்கள் தடுப்பூசி கேம்பில் வாசலோடு நிற்பார்கள். ஒரு மஞ்சள் டி-ஷர்ட் பையன், டி-ஷர்ட் முதுகிலேயே ரத்ததானம் செய்வோம் என்று அச்சடித்திருந்தது, கல்யாணம் ஆகட்டும் சிஸ்டர் அப்புறம் போட்டுக்கிறேன் என்றான். குழந்தை பிறக்காது என்ற பயம். பெண்களுக்கு வேறு மாதிரி, மாதவிலக்குக்கு முன்னும் பின்னும் ஐந்து நாள் போடக்கூடாது என்று ஒரு செய்தி சுற்றியது, பொய் என்று அரசு மறுத்தும் நின்றபாடில்லை. ஆண்களுக்குக் கறியும் சரக்கும். ஊசி போட்டால் குடிக்கக்கூடாது, கறி தின்னக்கூடாது என்று நம்பி ஞாயிற்றுக்கிழமை மெகா கேம்புக்கு வராமல் போனார்கள். கடைசியில் அக்டோபரில் அரசாங்கமே இறங்கி வந்து கேம்பைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. நான் பார்த்ததிலேயே புத்திசாலித்தனமான சுகாதார முடிவு அதுதான் என்பேன். நீ நினைப்பது தப்பு என்று வகுப்பு எடுக்காமல், சரி, ஞாயிற்றுக்கிழமை உனக்கு, சனிக்கிழமை எனக்கு என்று விட்டுவிட்டார்கள்.

மஞ்சள் டி-ஷர்ட் பையனிடம், நீ கொடுத்த ரத்தம் போன மாசம் ஒரு பிரசவத்துக்குப் போச்சு, அந்தம்மா ஊசி போட்டுட்டாங்க, நீ போடலையா என்று சும்மா ஒரு போடு போட்டேன். உண்மையா என்று எனக்கே தெரியாது. போட்டுக்கொண்டான்.

கருப்பட்டி காபி

பார்த்தீர்களா, நீங்களும் பொய் சொல்லித்தான் போட்டிருக்கிறீர்கள் சிஸ்டர். :)

லேப்டெக் விளக்கியது புரிகிறது. இதை ஒரு பேப்பரில் அடித்து 2021-ல் ரத்த வங்கிச் சுவரில் ஒட்டியிருந்தால் எவ்வளவோ பேர் அடங்கியிருப்போம். ஆனால் மருமகனை முழுசாகத் தப்பு சொல்ல மாட்டேன். 2018 கடைசியில் சாத்தூரில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்ஐவி உள்ள ரத்தத்தை ஏற்றியது மறந்துவிட்டதா? "எல்லாம் டெஸ்ட் செய்துதான் ஏற்றுகிறோம்" என்றுதான் அதற்கு முந்தின நாள் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024-ல் அந்த அஸ்ட்ராஜெனகா கம்பெனியே லண்டன் கோர்ட்டில், எங்கள் ஊசி மிக அரிதாக ரத்தம் உறைய வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. நம் ஊர் கோவிஷீல்டும் அதே மருந்துதான். இரண்டு செய்தியையும் பார்த்தவன் ஊசி போட்டவர் ரத்தத்துக்குப் பயப்பட மாட்டானா?

லேப்டெக் தென்காசி

சாத்தூர் பெயரைக் கேட்டால் எங்கள் துறையில் இன்றும் தலை குனிவோம். ஆனால் அங்கே உண்மை வெளியே வந்தது எப்படி என்பதையும் நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டு வேலைக்காக டெஸ்ட் எடுத்த டோனர் தனக்கு எச்ஐவி என்று தெரிந்ததும் தானாகவே ரத்த வங்கிக்கு ஓடிவந்து சொன்னார். சின்னப் பையன். அவர் பிழைக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அது நிஜமான ஆபத்து. ஒவ்வொரு பையிலும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்தையும் பார்ப்பதே அதற்காகத்தான்.

ரத்தம் உறையும் விஷயம். அது இருக்கிறது, 2021 ஏப்ரலிலேயே வெளிவந்தது, 2024-ல் புதிதாகத் தெரிந்தது போல டிவிக்காரர்கள் போட்டார்கள். பிரிட்டனில் 50 வயதுக்குக் கீழே சுமார் 50,000 பேருக்கு ஒருவர் என்று கணக்கு. இந்தியாவில் 2021 மே மாதம் பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்றார்கள், இங்கே பதிவு சரியாக நடக்கவில்லை என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அது ஊசி போட்டவர் உடம்பில், போட்ட சில நாளிலிருந்து ஐந்தாறு வாரத்துக்குள், தட்டணுவைத் தாக்கும் ஒரு வகை எதிர்ப்புப் பொருள் உருவாகி வருவது. அப்படி வந்தவர் படுத்த படுக்கையாக இருப்பார், கேம்புக்கு வந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார். இத்தனை வருடம் கழித்து திடகாத்திரமாக வந்து கொடுப்பவரிடமிருந்து அது எப்படிப் போகும்?

வாட்ஸ்அப்பில் சுற்றுவதில் பெரும்பாதி அமெரிக்க எம்ஆர்என்ஏ ஊசியைப் (ஃபைசர், மாடர்னா) பற்றியது. இங்கே கிட்டத்தட்ட எல்லோரும் போட்டது அது இல்லை. அங்கே இருப்பவன் பயத்தை இங்கே இருப்பவன் கடன் வாங்கிப் பயப்படுகிறான்.

ஆக்லாந்து மழை

இந்த மருமகன் தனி ஆள் இல்லை. 2022 கடைசியில் இங்கே நியூசிலாந்தில் இதே விஷயம் கோர்ட்டுக்கே போனது. சில மாதக் கைக்குழந்தை, இதயத்தில் அவசர ஆபரேஷன். பெற்றோர் ஆபரேஷனுக்குச் சம்மதம், ஆனால் கொரோனா ஊசி போட்டவர் ரத்தத்தை ஏற்றக்கூடாது, நாங்களே போடாத டோனர்களைக் கொண்டுவருகிறோம் என்றார்கள். இங்குள்ள ரத்த சேவை யார் போட்டார், யார் போடவில்லை என்று பிரித்து வைப்பதே இல்லை. டிசம்பர் 7-ம் தேதி உயர் நீதிமன்றம் அந்த ஆபரேஷன் முடிந்து குழந்தை தேறும்வரை மருத்துவ முடிவுகளுக்குத் தானே காப்பாளராகி, டாக்டர்களைத் தன் பிரதிநிதிகளாக்கியது. வாசலில் கொடி பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம். ஆபரேஷன் நடந்தது.

எங்கள் தமிழ்ச் சங்கக் குழுவிலும் அந்த வாரம் அடிதடி. பெற்றவர்களுக்கு உரிமை இல்லையா என்று பாதிப் பேர். எனக்கு அந்தத் தாயின் மேல் கோபம் வரவில்லை, குழந்தையை மேசையில் வைத்துவிட்டு வெளியே நிற்பவர் எதையும் நம்புவார். அவர் கையில் அந்த நேரத்தில் அந்தக் கதையைக் கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

லேப்டெக் தென்காசி

அந்த வழக்கில் மக்கள் கவனிக்காத விஷயம் ஒன்று. நம் ஊரிலும் "அண்ணன் ரத்தத்தையே ஏத்துங்க சார், வெளி ஆள் வேண்டாம்" என்பார்கள். சொந்த ரத்தம் சுத்தம் என்று நினைப்பு. உண்மையில் நெருங்கிய உறவினர் ரத்தத்தில்தான் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. கொடுப்பவரின் வெள்ளணுக்கள் வாங்குபவரின் வெள்ளணுக்களைப் போலவே இருந்தால், உடம்பு அவற்றை அந்நியம் என்று அடையாளம் கண்டு விரட்டாது. அவை உள்ளே குடியேறிக்கொண்டு வீட்டுக்காரனையே அடிக்க ஆரம்பிக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அதனால் உறவினர் ரத்தம் என்றால் கதிர்வீச்சு காட்டித்தான் ஏற்ற வேண்டும், அந்த இயந்திரம் எல்லா ஊரிலும் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ரத்தம் இந்த விஷயத்தில் அண்ணன் தம்பி ரத்தத்தைவிட மேல்.

ஊசி போடாத ஆளைத் தேடி தம்பியையும் சித்தப்பா மகனையும் கூட்டிக்கொண்டு வருபவர் இல்லாத ஆபத்தைத் தவிர்க்க இருக்கிற ஆபத்தை மடியில் கட்டிக்கொள்கிறார்.

வெட்டி ஆபீசர்

நம்ம சொத்துத் தகராறு மாதிரியே இருக்கிறதே இது.

வார்டு ஏழு சிஸ்டர்

டோனர்கள் ஊசிக்குப் பயந்தார்கள் என்பதையே பேசிக்கொண்டிருக்கிறோம், எத்தனை பேருக்கு எதிர்ப்புச் சக்தி வந்தது என்பதையும் டோனர்களின் ரத்தத்தை வைத்து எண்ணினார்கள். அமெரிக்காவில் 2020 ஜூலையிலிருந்து 2021 மே வரை வந்த 14 லட்சத்துக்கும் மேற்பட்ட தான ரத்த மாதிரிகளைப் பார்த்தார்கள். தொற்றினால் எதிர்ப்புச் சக்தி வந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 20.2-க்கு ஏறியிருந்தார்கள், ஊசியால் வந்ததையும் சேர்த்தால் மே மாதம் 83.3 சதவீதம். ஊசியா தொற்றா என்று எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? அங்கே போட்ட ஊசிகள் வைரஸின் கூர்முனைப் புரதத்துக்கு மட்டும்தான் எதிர்ப்பை உண்டாக்கும், உள்ளே இருக்கும் புரதத்துக்கும் எதிர்ப்பு இருந்தால் அவருக்கு நிஜமாகவே கொரோனா வந்திருக்கிறது என்று அர்த்தம்.

நம் ஊரில் கோவாக்சின் போட்டவரிடம் இந்தக் கணக்கு செல்லாது, அதில் முழு வைரஸும் செத்துக் கிடக்கிறது. அவர் ரத்தத்தை இப்படிப் பார்த்து ஊசியா தொற்றா என்று சொல்லிவிட முடியாது. அந்த மருமகன் கேட்ட ரத்தத்தை லேபில் நிச்சயமாகப் பிரித்துத் தர முடியாது என்பதற்காகச் சொன்னேன். டோனர் வாயால் சொன்னால் உண்டு.

ஓ நெகட்டிவ் மதுரை

அதுதான் நடந்தது சிஸ்டர். அடுத்த நாள் காலை மருமகன் தானே ஒருவரைக் கூட்டிவந்தார், போடவே இல்லை என்று அடித்துச் சொன்னாராம். அவரை எங்கள் பையன் ஒருவனுக்குத் தெரியும், இரண்டு டோஸ் போட்டு சான்றிதழை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்த ஆள். வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டேன். சரியா தப்பா தெரியவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை

படித்துக்கொண்டே இருந்தேன், எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். என் மகனுக்குத் தலசீமியா, உடம்பு போதுமான ரத்தத்தை உண்டாக்காத பரம்பரை நோய். எட்டாம் மாதத்திலிருந்து ரத்தம் ஏறுகிறது, இப்போது வயது பதினொன்று. என் பெயரைப் பார்த்தாலே புரியும்.

2021 மே, முழு ஊரடங்கு. அவனுக்கு ஹீமோகுளோபின் ஆறரைக்கு இறங்கிவிட்டது. ஒன்பதுக்குக் கீழே போகவிடக் கூடாது என்பார்கள். உதடு வெளுத்துவிடும், மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கும், விளையாட வா என்றால் "இன்னிக்கு வேண்டாம்மா" என்பான், அதைக் கேட்டாலே எனக்கு நாள் நெருங்கிவிட்டது தெரியும். இருபத்தேழு பேருக்குப் போன் போட்டேன். ஒருவர் வந்தார், முப்பது கிலோமீட்டர் பைக்கில், வழியில் மூன்று இடத்தில் போலீஸிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு. படிவத்தில் எழுதும்போதுதான் சொன்னார், ஒன்பது நாளைக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டேன் என்று. பதினாலு நாள் ஆகவில்லை, எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "போடாமலே இருந்திருக்கலாம்க்கா" என்றார். அன்றைக்கு எனக்கும் அந்த ஊசி மேல் அப்படி ஒரு ஆத்திரம். உண்மையைச் சொல்கிறேன்.

ரத்தம் மறுநாள் வேறு வழியில் கிடைத்தது. அவர் பதினைந்தாம் நாள் தானாகவே வந்து கொடுத்துவிட்டுப் போனார், என் மகனுக்கு என்றில்லை, யாருக்கோ.

இதுவரை அவனுக்கு இருநூறு யூனிட்டுக்கு மேல் ஏறியிருக்கும். இருநூறு பேர். எனக்கு வரும் பயம் ஹெபடைடிஸ், எச்ஐவி, சேர்ந்துகொண்டே போகும் இரும்புச் சத்து, அதற்குத் தினமும் ஒரு மாத்திரை. ஹெபடைடிஸ் பி ஊசியை இவனுக்கு ஒரு டோஸ் கூடத் தவறவிடாமல் போட்டிருக்கிறேன், ஏனென்றால் ரத்தம் வழியாக வரும் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றில் ஊசி போட்டுத் தடுக்க முடிந்தது அது ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னார். சி-க்கும் எச்ஐவிக்கும் அப்படி ஒன்று வராதா என்று ஒவ்வொரு தடவை பை தொங்கும்போதும் நினைத்துக்கொள்வேன். ஊசி போட்டவர் ரத்தமா என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

கருப்பட்டி காபி

அக்கா, என்ன குரூப்?

மூன்று வாரத்துக்கு ஒருமுறை

பி பாசிட்டிவ். திருச்சி.

கருப்பட்டி காபி

நானும் பி பாசிட்டிவ், கரூர்தான், ஒன்றரை மணி நேரம். அடுத்த தேதி சொல்லுங்கள், வருகிறேன். லேப்டெக், ஒரு சந்தேகம். கடைசியாகக் கொடுத்து ஐந்து மாதம் ஆயிற்று, ஆண்களுக்கு 90 நாள் போதும், அது தெரியும். ஆனால் போன மாதம் தெருநாய் ஒன்று கெண்டைக்காலில் கடித்துவிட்டது, ஊசி போட்டேன், கடைசி டோஸ் போட்டு பத்து நாள்தான் ஆகிறது. 14 நாள் கணக்குதானே? அடுத்த வாரம் வரலாமா?

லேப்டெக் தென்காசி

இல்லை அண்ணே. நாய் கடித்துப் போட்ட ஊசி என்றால் ஒரு வருடம். மருந்தினால் இல்லை, கடியினால். வெறிநாய்க்கடி நோய் உடம்பில் எத்தனை மாதம் பதுங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் அவ்வளவு நீளம்.

கருப்பட்டி காபி

ஒரு வருடமா!

வெட்டி ஆபீசர்

அது இருக்கட்டும் அண்ணே, அந்த ஊசியில் என்ன இருக்கிறது, எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எத்தனை நாள் இடைவெளி என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தானே போட்டீர்கள்?

கருப்பட்டி காபி

கடித்து அரை மணி நேரத்தில் ஜிஎச் வாசலில் நின்றேன். நாயை நேரில் பார்த்தேன் தம்பி, அதன் வாயைப் பார்த்தேன்.

அக்கா, என் தம்பியும் பி பாசிட்டிவ்தான். அவனை அனுப்புகிறேன், தேதி மட்டும் சொல்லுங்கள். அவன் பூஸ்டர் வரைக்கும் போட்டவன்.